ரிஃபாம்பிசின் பலிக்காது என்று முடிவு வந்தபின், சளியை எந்தச் சோதனைக்கு அனுப்புவது?

சிபிநாட் இயந்திரம் இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறது: சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறது, காசநோயின் முதன்மை மருந்தான ரிஃபாம்பிசின் அதனிடம் பலிக்காது. ஆனால் மருத்துவர் அடுத்து எழுதவேண்டிய மருந்துகள் வேறு. 2024 செப்டம்பரில் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட பிபால்எம் சிகிச்சையில் பெடாகுயிலின், பிரிடோமானிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் என்று நான்கு மருந்துகள், 26 வாரங்கள். 18, 20 மாதம் என்று இழுத்த சிகிச்சை ஆறு மாதமாகச் சுருங்கியது நோயாளிக்குப் பெரிய விடுதலை. அதே சமயம், நான்கில் ஒன்று ஏற்கெனவே பலிக்காததாக இருந்து அது தெரியாமல் தொடங்கிவிட்டால், மற்ற மூன்றும் கைநழுவும் ஆபத்து கூடுகிறது. இந்த நான்கைப் பற்றியும் சிபிநாட் முடிவில் ஒரு சொல்கூடக் கிடையாது.

அந்த இடைவெளியை நிரப்ப ஐந்து வழிகள் உண்டு. எல்பிஏ எனப்படும் பட்டைச் சோதனை, சிபிநாட் வகை இயந்திரத்தில் ஓடும் எக்ஸ்டிஆர் கேட்ரிட்ஜ், திரவக் கல்ச்சரில் (கிருமியைக் குழாயில் வளர்த்து) மருந்து உணர்திறன் சோதனை, சளியிலிருந்து நேராகச் செய்யும் இலக்கு வரிசைப்படுத்தல், கல்ச்சரிலிருந்து செய்யும் முழு மரபணுத்தொகுதி வரிசைப்படுத்தல். வரிசைப்படுத்தல் என்பது கிருமியின் மரபணு எழுத்துகளை வரிசையாகப் படிப்பது. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சளியில் கிருமி நிறைய இருந்தால் இலக்கு வரிசைப்படுத்தல்தான் முதல் தேர்வு. கிருமி குறைவாக இருந்தால் கேட்ரிட்ஜும் கல்ச்சரும். வளர்ந்தபின் முழு மரபணுத்தொகுதி. எந்த வழியில் போனாலும், முதல் நாளிலேயே இரண்டாவது சளிப் புட்டி திரவக் கல்ச்சருக்குப் போயாக வேண்டும். பெடாகுயிலினைப் பொறுத்தவரை கல்ச்சருக்கு இன்னும் மாற்று வரவில்லை.

காசநோய்க்கு வரிசைப்படுத்தல் ஏன் இவ்வளவு பொருந்துகிறது

காசநோய்க் கிருமியின் மரபணுத்தொகுதி சுமார் 44 லட்சம் எழுத்துகள் கொண்டது. மரபணுக்கள் ஏறத்தாழ 4,000. ஆய்வகங்கள் ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் எச்37ஆர்வி வகையின் முழு வரிசை 1998-இல் வெளியானது. க்ளெப்சியெல்லா போன்ற கிருமிகள் மருந்து எதிர்ப்பைப் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையம் வழியாக ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக்கொள்ளும். காசநோய்க் கிருமிக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதன் எதிர்ப்பு முழுவதும் அதன் சொந்த மரபணுக்களில் நடக்கும் எழுத்து மாற்றங்களால் வருவது. ஆகவே சரியான இடங்களைப் படித்தால் பெரும்பாலான பதில்கள் அங்கேயே கிடைக்கும்.

இன்னொரு காரணம் நேரம். க்ளெப்சியெல்லாவை இன்று தட்டில் இட்டால் ஓரிரு நாளில் எந்த மருந்து கேட்கும் என்று கண்ணாலேயே பார்க்கலாம். தனி நோயாளியின் மருந்தைத் தேர்ந்தெடுக்க அங்கே வரிசைப்படுத்தல் சேர்த்துத் தருவது குறைவு. காசநோய்க் கிருமி ஒருமுறை இரட்டிக்கவே ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நோயில்தான் எழுத்தைப் படிக்கும் முறைக்கு மதிப்பு.

பட்டைச் சோதனையும் எக்ஸ்டிஆர் கேட்ரிட்ஜும்

இரண்டுமே மாக்சிஃப்ளாக்சசின் பிபால்எம்மில் இருக்கலாமா, அதை நீக்கி மற்ற மூன்றை மட்டும் தரவேண்டுமா என்ற கேள்விக்கு விரைவாகப் பதில் தருபவை. கேட்ரிட்ஜ் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். பட்டைச் சோதனை ஓரிரு வேலை நாள். கைரேஸ் ஏ மரபணுவின் 90, 91, 94-ஆம் இடங்களில் நடக்கும் மாற்றங்களே, மாக்சிஃப்ளாக்சசின் சேர்ந்த ஃப்ளூரோகுயினலோன் வகை மருந்துகளின் எதிர்ப்பில் பெரும்பங்கு என்பதால் இவை நன்றாகவே வேலை செய்கின்றன. இந்தக் கேள்வி நம் நாட்டில் சம்பிரதாயக் கேள்வியும் அல்ல. 2014–16 தேசிய மருந்து எதிர்ப்புக் கணக்கெடுப்பில், எம்டிஆர் (ரிஃபாம்பிசினும், ஐசோனியாசிட் என்ற இன்னொரு முதன்மை மருந்தும் பலிக்காத) நோயாளிகளில் 21.82 விழுக்காட்டினரிடம் ஃப்ளூரோகுயினலோன் எதிர்ப்பு இருந்தது. காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சிப்ரோஃப்ளாக்சசினுக்கும் லெவோஃப்ளாக்சசினுக்கும் இதில் பங்குண்டு.

ஐசோனியாசிட் பற்றியும் இவை பயனுள்ள தகவல் தரும். கேட்-ஜி மரபணுவின் 315-ஆம் இடம் மாறியிருந்தால் எதிர்ப்பு வலுவானது. மருந்தளவைக் கூட்டியும் பெரும்பாலும் பயனில்லை. ஐஎன்எச்ஏ மரபணுவின் முன்பகுதி மட்டும் மாறியிருந்தால் எதிர்ப்பு மிதமானது, கூடுதல் அளவு ஐசோனியாசிட் உதவக்கூடும். ஆனால் எத்தியோனமைடு என்ற மருந்து போய்விட்டது என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

குறை எங்கே? பெடாகுயிலின், லினசோலிட், பிரிடோமானிட் மூன்றையும் இவை தொடுவதே இல்லை. புதிய சிகிச்சையின் முதுகெலும்பே இந்த மூன்றுதான்.

சிபிநாட் முடிவின் எல்லையையும் இங்கேயே சொல்ல வேண்டும். அது பார்ப்பது ஆர்பிஓபி மரபணுவில் 81 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டை மட்டும். அந்தத் துண்டுக்குள் புரதத்தை மாற்றாத வெற்று எழுத்து மாற்றம் ஒன்று இருந்தால், குறிப்பாகப் பழைய கேட்ரிட்ஜில், எதிர்ப்பு இருப்பதாகத் தவறான முடிவு வரலாம். துண்டுக்கு வெளியே 491-ஆம் இடத்தில் ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் போய் ஃபினைல்அலனின் வந்தால் எதிர்ப்பு இருந்தும் அது தெரியாது. எஸ்வாட்டினியில் இந்த ஒரு மாற்றம் கொண்ட கிருமி பரவியது இப்படித்தான் கவனத்துக்குத் தப்பியது. இதே மாற்றத்தைத் திரவக் கல்ச்சரும் பலமுறை தவறவிடும் என்பது கூடுதல் சிக்கல். மருந்துக்குச் சரியாகக் கட்டுப்படாத நோயாளிக்கு சிபிநாட் "எதிர்ப்பு இல்லை" என்று சொன்னால், ஆர்பிஓபி மரபணுவை முழுவதும் படித்துப் பார்ப்பதே தெளிவான வழி. சளியில் கிருமி மிகக் குறைவு என்ற குறிப்போடு, முன்பு சிகிச்சையே எடுக்காத ஒருவருக்கு "எதிர்ப்பு" என்று வந்தால், புதிய சளியில் மறுபடி ஒருமுறை சோதிக்காமல் எம்டிஆர் சிகிச்சையில் இறங்கக் கூடாது.

திரவக் கல்ச்சர்

இந்த ஐந்தில், உயிருள்ள கிருமி மருந்தின் முன்னால் வளர்கிறதா என்று நேராகக் கேட்கும் ஒரே முறை இதுதான். எந்த மரபணு மாறியது என்று யாருக்கும் தெரியாத இடத்திலும் இது பதில் சொல்லும். பெடாகுயிலினுக்கும் லினசோலிட்டுக்கும் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது எல்லை அளவு. அந்த அளவு மருந்து கலந்த குழாயில் கிருமி வளர்ந்தால் எதிர்ப்பு.

விலை நேரம். நுண்ணோக்கியில் கிருமி தெரிந்த சளி வழக்கமாக ஒன்றிரண்டு வாரத்தில் வளரும். வளரவில்லை என்று அறிவிக்க 42 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குமேல் மருந்துச் சோதனைக்கு ஒன்று முதல் இரண்டு வாரம். பிரசினமைடுக்கு மட்டும் இந்த முறையை அப்படியே நம்ப வேண்டாம். பிஎச் அளவு 5.9 உள்ள அமில ஊடகத்தில் செய்யும் சோதனை அது. கிருமியைச் சற்று அதிகமாக இட்டுவிட்டால் அமிலத்தன்மை குறைந்து, மருந்து செயலிழந்து, இல்லாத எதிர்ப்பு இருப்பதாகக் காட்டும். பிஎன்சிஏ மரபணுவின் 561 எழுத்துகளையும் படிப்பது இங்கே மேலான வழி.

சென்னை வெயிலில் கல்ச்சர் கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் ஆய்வகம் அல்ல, வழி. திருவொற்றியூரில் காலையில் எடுத்த சளி குளிர்பெட்டி இல்லாமல் மாலையில் சேத்துப்பட்டு ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தால், வாயில் இருந்த மற்ற பாக்டீரியா பெருகியிருக்கும். அவற்றைக் கொல்ல சோடியம் ஹைட்ராக்சைடு போட்டு 15 முதல் 20 நிமிடம் வைக்கிறார்கள்; கிருமி நீக்கம் போதவில்லை என்று நேரத்தை நீட்டினால் காசநோய்க் கிருமியும் சேர்ந்து சாகும். காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி எடுத்த 3 முதல் 5 மில்லி சளி, திருகு மூடியுள்ள ஃபால்கன் குழாய், மூன்றடுக்குப் பொதி, ஜெல் பைகள், 2 முதல் 8 டிகிரி. இதில் எது தவறினாலும் இழப்பு வாரக்கணக்கில்.

சளியிலிருந்து நேராக: இலக்கு வரிசைப்படுத்தல்

மருந்து எதிர்ப்போடு தொடர்புள்ள பதினைந்து இருபது மரபணுப் பகுதிகளை மட்டும் பிசிஆர் மூலம் பெருக்கி, அவற்றை மட்டும் படிப்பது இந்த முறை. 2024 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் இதைத் தன் வழிகாட்டியில் சேர்த்தது. அந்த வகையில் டீப்ளெக்ஸ் மைக்-டிபி, ஆம்போர்-டிபி, டிபிசீக் ஆகிய மூன்று தயாரிப்புகள் மதிப்பிடப்பட்டன. கல்ச்சருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சளி கைக்கு வந்த சில நாட்களில் ஐசோனியாசிட், ஃப்ளூரோகுயினலோன், பிரசினமைடு, எத்தாம்பியூட்டால், அமிகாசின், லினசோலிட், பெடாகுயிலின், க்ளோஃபசிமின் அத்தனைக்கும் ஒரே அறிக்கை. கலந்து கிடக்கும் கிருமிக் கூட்டத்தில் சிறு பகுதி மட்டும் எதிர்ப்புப் பெற்றிருந்தாலும், டீப்ளெக்ஸ் 3 விழுக்காடு வரை பிடிக்கக்கூடியது.

இவ்வளவு சொன்னபின் கவனமாகப் படிக்க வேண்டியது பெடாகுயிலின் வரி. வழிகாட்டிக்காகத் தொகுத்த ஆய்வுகளில், பெடாகுயிலின், லினசோலிட் எதிர்ப்பை இந்த முறை கண்டுபிடித்த அளவு ஏறக்குறைய 68, 69 விழுக்காடுதான். பத்துப் பேருக்கு எதிர்ப்பு இருந்தால் மூன்று பேரைத் தவறவிடுகிறது என்று பொருள். காரணம் கருவி சரியில்லாதது அல்ல. ஃப்ளூரோகுயினலோனுக்கு மூன்று நான்கு இடங்களைப் பார்த்தால் போதும். பெடாகுயிலின் எதிர்ப்பைத் தரும் ஆர்வி0678 மரபணுவிலோ எந்த இடத்தில் வேண்டுமானாலும் மாற்றம் வரலாம். அவற்றில் பலவற்றின் பொருள் இன்னும் உறுதியாகவில்லை. "மாற்றம் இருக்கிறது, பொருள் தெரியவில்லை" என்ற வரியை "எதிர்ப்பு இல்லை" என்று படித்துவிடுவதுதான் இந்த அறிக்கையில் நடக்கக்கூடிய மிகப் பெரிய பிழை. பிரிடோமானிட்டுக்கு நிலை இன்னும் மெலிவு. டிடிஎன் உட்பட ஆறு மரபணுக்கள் தொடர்புடையவை. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையில் அந்த மருந்து இடம்பெறவில்லை.

சோதனை தோற்கும் இடங்கள் மூன்று. முதலாவது கிருமியின் அளவு: சிபிநாட் "அதிகம்" அல்லது "நடுத்தரம்" என்று காட்டிய சளியில் பெரும்பாலும் முழு அறிக்கை கிடைக்கும், "மிகக் குறைவு" என்றால் பாதிப் பகுதிகள் பெருகாமலே போகலாம், சிபிநாட்டின் புதிய அல்ட்ரா கேட்ரிட்ஜ் "சுவடு" மட்டும் காட்டினால் அனுப்பவே வேண்டாம். இரண்டாவது கசிவு. பிசிஆரில் பெருகிய துண்டுகள் காற்றிலும் கையுறையிலும் அடுத்த மாதிரிக்குப் போகும். பெருக்குவதற்கு முன்னான அறை, பின்னான அறை என்று பிரித்து, ஆளும் பொருளும் ஒரே திசையில் போகாத ஆய்வகத்தில் 3 விழுக்காடு என்ற நுட்பம் கசிந்து வந்த துண்டுகளைத்தான் எதிர்ப்பு என்று பதிவு செய்யும். சளி இல்லாத வெற்று நீர்க் கட்டுப்பாட்டுக் குழாயில் எத்தனை படிப்புகள் (படிக்கப்பட்ட டிஎன்ஏ துண்டுகள்) வந்தன என்று கேளுங்கள். சொல்ல மறுக்கும் ஆய்வகத்துக்கு அனுப்பாதீர்கள்.

மூன்றாவது, டிஎன்ஏவை நுண்துளை வழியே செலுத்திப் படிக்கும் நானோபோர் முறைக்கே உரியது. ஒரே எழுத்து அடுத்தடுத்து வரும் இடங்களில் எத்தனை எழுத்து என்று எண்ணுவதில் அது தடுமாறும். ஆர்வி0678 மரபணுவில் 192-ஆம் எழுத்திலிருந்து ஜி தொடர்ச்சியாக வரும் ஓர் இடம் இருக்கிறது. பெடாகுயிலின் எதிர்ப்பைத் தரும் எழுத்துச் செருகல் அடிக்கடி நடப்பதும் அதே இடத்தில். புதிய ஆர்10 வகைத் துளைகள் நிலைமையை மேம்படுத்தியிருக்கின்றன என்றாலும், அந்த ஓர் இடத்தில் மட்டும் நானோபோர் அறிக்கையை இன்னொரு முறையால் உறுதி செய்யாமல் ஏற்கக் கூடாது.

கல்ச்சரிலிருந்து: முழு மரபணுத்தொகுதி

முழுமை என்று பார்த்தால் இதற்கு இணை இல்லை. எந்த மரபணுவைப் பார்ப்பது என்று முன்கூட்டியே தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஒரு எடுத்துக்காட்டு: ஆர்வி0678 மாறியிருந்தும், அது கட்டுப்படுத்தும் எம்எம்பிஎல்5 என்ற வெளியேற்றுக் குழாயின் மரபணு ஏற்கெனவே உடைந்திருந்தால், பெடாகுயிலின் எதிர்ப்பு வராது. இலக்கு வரிசைப்படுத்தலின் பட்டியலில் எம்எம்பிஎல்5 இல்லையென்றால் நல்ல மருந்து ஒன்றை வீணாகக் கைவிட்டிருப்போம்.

செய்முறையின் முதல் படி பாதுகாப்பு: வளர்ந்த குழாயிலிருந்து எடுத்ததை 95 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிக் கொன்றபின்தான் அழுத்தக் கட்டுப்பாடு உள்ள அறையை விட்டு வெளியே கொண்டுவர வேண்டும். மெழுகு போன்ற தடித்த செல்சுவரை உடைக்க நுண்மணிகளோடு அதிவேகமாகக் குலுக்க வேண்டும். கிடைத்த டிஎன்ஏவை ஒளிர்வு முறையில் அளக்க வேண்டும். ஒளி உறிஞ்சும் முறையில் அளந்தால் கலங்கலையும் டிஎன்ஏ என்று கணக்கிட்டுவிடும். ஒவ்வொரு இடமும் சராசரியாக 50 முறைக்கு மேல் படிக்கப்பட்டிருந்தால் அறிக்கையை நம்பலாம். தொகுதியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு திரும்பத் திரும்ப வரும் வரிசை. டிஎன்ஏவைச் சிறு துண்டுகளாகப் படிக்கும் குறுந்துண்டு முறையில் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். சிகிச்சைக்கு அதனால் இழப்பு இல்லை.

பலவீனம், இது கல்ச்சரின் முதுகில் ஏறி வருகிறது. வளரக் காத்திருக்கும் நேரம் அப்படியே இதிலும் சேரும். சளியில் இரண்டு வகைக் கிருமி இருந்தால் குழாயில் வேகமாக வளர்ந்த வகையே அறிக்கையில் மேலோங்கும்.

தமிழ்நாட்டு மாதிரிகளில் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். தென்னிந்தியாவில் அதிகம் காணப்படுவது முதல் வம்சாவளிக் கிருமி. ஒப்பீட்டு வகையான எச்37ஆர்வி நான்காம் வம்சாவளி. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஆயிரத்துக்கு மேற்பட்ட எழுத்து வேறுபாடுகள் வரும். அவற்றில் கைரேஸ் ஏ மரபணுவின் 95-ஆம் இடத்தில் செரினுக்குப் பதில் திரியோனின் இருப்பதும் ஒன்று. இது எதிர்ப்பே அல்ல, நம் பகுதிக் கிருமியின் இயல்பு. கேட்-ஜி 463-ஆம் இட மாற்றமும் இப்படித்தான், எதிர்ப்போடு தொடர்பில்லாத வம்சாவளி அடையாளம். வேறு பாக்டீரியாக்களுக்கு எழுதிய பொது மென்பொருளில் தரவை ஓட்டி, "கைரேஸ் மாற்றம் உண்டு" என்று அறிக்கை கொடுத்தால் மாக்சிஃப்ளாக்சசின் தேவையில்லாமல் பறிபோகும். டிபி-புரோஃபைலர் போன்ற காசநோய்க்கென்றே செய்த மென்பொருளும், உலக சுகாதார நிறுவனத்தின் மாற்றங்கள் பட்டியலின் 2023 இரண்டாம் பதிப்பும் பயன்பட்டனவா என்று பாருங்கள். 52,000-க்கும் மேற்பட்ட கிருமி மாதிரிகளை வைத்துத் தொகுத்த பட்டியல் அது.

இயந்திரம் வாங்குவதா, அனுப்புவதா

மாதத்துக்கு மூன்று நான்கு எம்டிஆர் நோயாளிகள் வரும் மருத்துவமனை வரிசைப்படுத்தும் இயந்திரத்தைச் சொந்தமாக வாங்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மாதிரியை 100 முறை படிக்க 44 கோடி எழுத்து வேண்டும். குறுந்துண்டு முறையில் படிக்கும் மைசீக் இயந்திரத்தின் ஒரு நாள் ஓட்டம் சுமார் 450 கோடி எழுத்து தரும். சேதாரம் போக எட்டு முதல் பத்து மாதிரி. நான்கு மாதிரியோடு ஓட்டினால் பாதிப் பணம் வீண். பத்துச் சேரட்டும் என்று காத்திருந்தால் முதலில் வந்த நோயாளிக்கு முடிவு இரண்டு மூன்று மாதம் கழித்து. வேகத்துக்காக வாங்கிய இயந்திரம் கல்ச்சரைவிட மெதுவாகிவிடும்.

அறை 19 முதல் 25 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மே மாதச் சென்னையில் அதற்கு இரண்டு ஏசியும், இயந்திரத்துக்கு ஒரு நாள் முழுக்கத் தாங்கும் மின்காப்பும் வேண்டும். ஓட்டத்தின் நடுவே மின்சாரம் போனால் உருக்கிய ரீஏஜென்ட் கேட்ரிட்ஜை மறுபடி பயன்படுத்த முடியாது. நானோபோர் சிறியது, குறைந்த மாதிரிக்கும் ஓடும், நிறுத்தித் தொடங்கலாம். ஆனால் துளைகள் அமைந்த தகடான அதன் ஃப்ளோசெல்லை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது, சில மாதங்களிலேயே காலாவதியாகும். விமான நிலையத்திலிருந்து வந்து சேர்ந்த அன்றே துளைகளை எண்ணிப் பாருங்கள். மினியான் ஃப்ளோசெல்லில் 800-க்குக் குறைந்தால் உற்பத்தியாளரிடம் மாற்றிக் கேட்கலாம், தாமதித்தால் முடியாது.

சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் தேசியக் குறிப்பு ஆய்வகமாகவும் இயங்குகிறது. 1956-இல் தொடங்கி, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்திருப்பவருக்கு இணையாகக் குணமாகும் என்று 1959-இல் உலகுக்குக் காட்டிய இடம் அது. 2012 முதல் ஒவ்வொரு காசநோயாளியையும் அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். அரசின் காசநோய்ப் பதிவான நிக்ஷயில் எண் பெற்ற தனியார் நோயாளிக்கும் அரசுத் திட்டத்தின் பட்டைச் சோதனையும் கல்ச்சரும் இலவசம். ஆகவே தனியார் ஆய்வகத்தில் இலக்கு வரிசைப்படுத்தலுக்குப் பணம் கட்டும் குடும்பத்திடம், கல்ச்சருக்கும் சேர்த்துக் கட்டச் சொல்லத் தேவையில்லை.

அறிக்கை வந்தபின்

ஒவ்வொரு மரபணுவும் எத்தனை முறை படிக்கப்பட்டது, மாற்றம் எத்தனை விழுக்காடு படிப்புகளில் இருந்தது, உலக சுகாதார நிறுவனப் பட்டியலின் ஐந்து நிலைகளில் அது எந்த நிலை: இந்த மூன்றும் இல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள். "கண்டறியப்படவில்லை" என்ற சொல்லுக்கு எதிரே படிப்பு எண்ணிக்கை இல்லையென்றால், அந்த மரபணு பெருகவே இல்லாமலும் இருக்கலாம். ஆர்பிஓபியில் மிதமான எதிர்ப்பு தரும் மாற்றம் வந்து, கல்ச்சர் "உணர்திறன் உண்டு" என்று சொன்னால், மரபணு முடிவைப் பின்பற்றி எம்டிஆர் என்றே நடத்த வேண்டும். பெடாகுயிலினில் முரண்பட்டால் நேர்மாறு: பொருள் உறுதியாகாத மாற்றத்தைவிடக் கல்ச்சர் முடிவுக்கே எடை.

சிகிச்சையின் போக்கைக் கவனிக்க இந்த மரபணு முறைகள் எதையும் பயன்படுத்தாதீர்கள். செத்த கிருமியின் டிஎன்ஏவும் மாதக்கணக்கில் சளியில் வரும். அதற்கு மாதாந்தரக் கல்ச்சர்தான். அது நான்காம் மாதத்தில் மறுபடி வளர்ந்தால், அல்லது குணமாகி ஒரு வருடம் கழித்து நோய் திரும்பினால், முழு மரபணுத்தொகுதி மட்டுமே சொல்லக்கூடிய பதில் ஒன்று இருக்கிறது: பழைய கிருமி அடங்காமல் எழுந்ததா, வேறொருவரிடமிருந்து புதிதாகத் தொற்றியதா. இந்தக் கிருமி வருடத்துக்கு அரை எழுத்துக்கும் குறைவாகவே மாறும். இரண்டு மாதிரிக்கும் இடையே ஐந்து எழுத்துக்குள் வேறுபாடு என்றால் பெரும்பாலும் அதே கிருமி, அதாவது சிகிச்சையில்தான் கோளாறு. பன்னிரண்டுக்கு மேல் என்றால் வேறு கிருமி, அதாவது வீட்டிலோ விடுதியிலோ கண்டுபிடிக்கப்படாத இன்னொரு நோயாளி இருக்கக்கூடும். யார் யாருக்குக் கொடுத்தார் என்ற திசையை இந்த எண்ணிக்கை காட்டாது. குடும்பத்தாரிடம் அப்படிச் சொல்லிவிடவும் கூடாது.

இந்த ஒப்பீட்டுக்கு முதல் கல்ச்சர் கையில் இருக்க வேண்டும். வழக்கமாக அறிக்கை போனதும் அதை அழித்துவிடுகிறார்கள். அனுப்பும்போதே படிவத்தில், கிளிசரால் சேர்த்து மைனஸ் 70 டிகிரியில் இரண்டு குப்பிகள், நிக்ஷய் எண்ணும் சளி எடுத்த தேதியும் எழுதி, குறைந்தது இரண்டு வருடம் வைத்திருக்கும்படி கேட்டு எழுதுங்கள்.